ரீல்ஸை விட்டால் வேறென்ன பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: "எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பார்க்கணும், ரிட்டயர் ஆன தாத்தாவும் பார்க்கணும். பாடப்புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது, காசும் கேட்கக் கூடாது. அப்படி என்னென்ன இணையதளங்கள் இருக்கு?" கேட்டவர் சென்னைக்காரர் என்பதால் சென்னையை வைத்தே பதில் சொல்கிறேன்.

'அவசியம் பார்க்க வேண்டிய ஐம்பது தளங்கள்' என்று பட்டியல்கள் நிறையச் சுற்றுகின்றன. சேமித்து வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் திரும்பப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு கேள்வி இல்லாமல் போனால் எப்பேர்ப்பட்ட தளமும் ரெண்டு நிமிஷத்தில் அலுத்துவிடும். அதனால் தளத்தின் பெயரோடு, முதல் தடவை எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகலாம், எந்த இடத்தில் ஏமாறுவோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எண்ணிக்கை குறைவுதான்.

மழைக்காலத்துக்கு

ஐப்பசி, கார்த்திகையில் கேள்வியைத் தேடிப் போக வேண்டியதில்லை. இன்றைக்கு மழை உண்டா, ஏரி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. இதற்கு மூன்று தளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஏர்த் நல்ஸ்கூல். கேமரான் பெக்காரியோ என்பவர் உருவாக்கியது. உலக உருண்டையின் மேல் காற்று மெல்லிய கோடுகளாக ஓடிக்கொண்டே இருக்கும். விரலால் உருட்டி வங்கக் கடலைக் கொண்டுவந்து, இடது கீழ்மூலையில் உள்ள 'ஏர்த்' என்ற சொல்லைத் தட்டினால் பட்டியல் விரியும். அதில் 'ஹைட்' என்ற வரிசை முக்கியம். எஸ்எஃப்சி என்றால் தரைமட்டம். 850 என்றால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம், 500 என்றால் ஐந்தரைக் கிலோமீட்டர், 250 என்றால் பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எண் குறையக் குறைய உயரம் கூடுகிறதே என்று குழம்ப வேண்டாம்; அவை காற்றழுத்தத்தின் அளவுகள், மேலே போகப் போக அழுத்தம் குறையும்.

சென்னையின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் பச்சை வட்டம் விழும். காற்றின் திசையும் வேகமும் எண்ணாக வரும். அந்தத் திசை காற்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது, எங்கே போகிறது என்பதை அல்ல. 45 டிகிரி என்றால் வடகிழக்கிலிருந்து, 225 என்றால் தென்மேற்கிலிருந்து. ஆவணி மாதத்தில் தொடங்கி தினம் ஒரு முறை 850 உயரத்தில் இந்த எண்ணைப் பிள்ளை ஒரு நோட்டில் குறித்துவரட்டும். ஐப்பசி பிறந்த பிறகு எண் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுவதைத் தன் கையெழுத்திலேயே பார்த்துவிட்டால், பருவக்காற்றுப் பாடத்தை உருப்போட வேண்டிய வேலை இல்லை. புயல் சமயத்தில் 500-க்கு மாற்றிப் பாருங்கள். புயலை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த நடுமட்டக் காற்றுதான்.

பழைய புயலையும் பார்க்கலாம். முகவரிப் பட்டையில் 'கரண்ட்' என்ற சொல் இருக்கும். அதை அழித்துவிட்டு 2023/12/04/0000 என்று எழுதி, ஒட்டினாற்போல் ஆங்கில 'இசட்' எழுத்தைச் சேர்த்தால் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று ஆட்டிவைத்த நாளின் காற்று வரும். அடுத்த நாளுக்கு நகர்த்தினால் ஆந்திரத்தில் பாபட்லா பக்கம் கரையேறுவது தெரியும்.

இந்தத் தளத்தை நம்பி மட்டும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. திரையில் ஓடுவது நேரில் அளந்த காற்று இல்லை, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி மாதிரி போட்ட கணக்கு. அதன் கட்டங்கள் பெரியவை. வேளச்சேரிக்கு உண்டா, அண்ணா நகருக்கு இல்லையா என்றெல்லாம் அதனிடம் கேட்பதில் பயனில்லை.

அதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் பக்கம். துறைமுகத்தில் ஒரு டாப்ளர் ரேடாரும் பள்ளிக்கரணையில் இன்னொன்றும் இருக்கின்றன. 'மேக்ஸ் இசட்' என்ற படத்தைத் திறந்தால் நடுவில் வரைபடமும், அதன் மேலேயும் வலது பக்கத்திலும் இரண்டு பட்டைகளும் இருக்கும். பெரும்பாலானவர்கள் நடுப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயமே பட்டைகளில்தான் இருக்கிறது, அவை மேகத்தைப் பக்கவாட்டில் காட்டி அதன் உயரத்தைச் சொல்கின்றன. கோடை இடிமழை மேகம் அந்தப் பட்டையில் கம்பம் போல எழும்பும். வடகிழக்குப் பருவமழையில் கடலோரம் வரும் மேகமோ பல நேரம் அவ்வளவு உயரம் போகாமலேயே விடாமல் கொட்டும். நிறத்துக்குப் பக்கத்தில் டிபிஇசட் என்ற அளவு இருக்கும். 20 பக்கம் இருந்தால் தூறல், 35 முதல் 40 என்றால் நல்ல மழை, 50-ஐத் தாண்டினால் இடியோடு கூடிய கனத்த மழை.

ரேடார் படத்தில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். படத்தில் போட்டிருக்கும் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல், மதியம் எடுத்த படத்தைக் காலைப் படம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. இன்னொன்று, ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைகிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் 200 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு நாலு கிலோமீட்டர் மேலே இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மழை கண்ணில் படாது. அதனால் படத்தின் ஓரத்தில் நிறமே இல்லை என்பதற்காக அங்கே மழை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது, சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவரப் பக்கம். இதைப் பொழுதுபோக்குத் தளம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பக்கம் கிடைக்காது. முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500, செம்பரம்பாக்கம் 3,645. ஐந்தையும் கூட்டினால் 11,757, அதாவது பதினொன்றே முக்கால் டிஎம்சி. வீராணம் தனி.

பிள்ளையிடம் இப்படிக் கேளுங்கள்: செம்பரம்பாக்கம் நிரம்ப இன்னும் 645 மில்லியன் கன அடி பாக்கி, வரத்து விநாடிக்கு 2,500 கன அடி, திறப்பு ஒன்றும் இல்லை. எத்தனை நாளில் நிரம்பும்? ஒரு நாளுக்கு 86,400 விநாடி. 2,500-ஐ அதால் பெருக்கினால் 216 மில்லியன் கன அடி. ஆக மூன்று நாள். மறுநாள் பக்கத்தைத் திறந்து தன் கணக்கு சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சரியாக வராது. வரத்து நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, அளவு எடுப்பதும் குறிப்பிட்ட நேரத்து நிலவரம்தான். ஏன் வரவில்லை என்று யோசிக்க வைப்பதுதான் கணக்கைவிடப் பெரிய பாடம். பக்கத்தில் செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 85.40 அடி என்று இருக்கும், செய்தித்தாளில் 24 அடி என்று வரும். இரண்டும் சரி. முதலாவது கடல்மட்டத்திலிருந்து அளந்தது, இரண்டாவது ஏரியின் ஆழம்.

ஏரி என்று பேச்சு வந்ததால் டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலகத்துப் பழைய வரைபடங்களை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடங்களில் நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கம் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியைத் தேடிப் பிடிப்பதுதான் விளையாட்டு. 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதுதான் விடை.

அந்தத் தளத்திலேயே பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும் வசதியும் இருக்கிறது. இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். மூன்று புள்ளிகள் போதும் என்பார்கள், ஆறேழு வைத்தால்தான் நன்றாக உட்காரும். அதுவும் ஒரே மூலையில் குவிக்காமல் பரப்பி வையுங்கள். கோட்டை, பரங்கிமலை, கபாலீசுவரர் கோயில் எல்லாம் நல்ல புள்ளிகள். கடற்கரையை மட்டும் புள்ளியாக வைக்காதீர்கள், படம் கோணிக்கொள்ளும். 1876-இல் தொடங்கிய துறைமுக வேலைக்குப் பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாகிவிட்டது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்துவிட்டது. அன்றைய கரைக்கோடு இன்றைக்கு இல்லை.

பழைய தமிழ் நூல்கள்

இந்த விஷயத்தில் பலருக்கும் இருக்கும் குழப்பம், எல்லாமே 'பிடிஎஃப்' என்று நினைத்துக்கொள்வது. ஒரு நூல் இணையத்தில் இரண்டு விதமாக இருக்கலாம்: மனிதர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது, பக்கத்தைப் படம் பிடித்தது. தேட வேண்டுமானால் முதல் வகை, அசலில் எப்படி அச்சானது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டாம் வகை.

முதல் வகைக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை திருத்தி இலவசமாகக் கொடுத்துவருகிறார்கள். பக்கத்தின் தோற்றம் பழசு, அதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். யூனிகோட் கோப்பு எதுவோ அதை எடுங்கள். டிஸ்கி என்ற பழைய குறியீட்டில் உள்ள கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியுமாக ஏதோ வரும், கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தேடும்போதும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செய்யுளில் சொற்கள் புணர்ந்து நிற்பதால் முழுச் சொல்லைக் கொடுத்தால் கிடைக்காமல் போகலாம். முதல் இரண்டு மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

படம் பிடித்த வகைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். கோட்டூர்புரத்தில் அலுவலகம். நூல்களோடு பழைய இதழ்களும் ஓலைச்சுவடிகளும் உண்டு. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை இங்கே தயக்கமில்லாமல் எடுக்கலாம். மற்றவற்றுக்கு ஒரு சின்னக் கணக்கு: இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1965-இல் காலமானவருடைய நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. யாரோ நடத்தும் தளத்தில் போன வருஷம் வெளியான நாவல் இலவசமாகக் கிடைத்தால் அது திருட்டுப் படி என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத் தளத்திலும் தமிழ் நூல்கள் குவிந்து கிடக்கின்றன, ஆனால் தேடுவதுதான் பாடு. பதிவேற்றியவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். ழகரத்தை எல் என்றும், ஆர் என்றும், இசட் எச் என்றும் எழுதியிருப்பார்கள். திரு என்பதில் எச் சேர்த்தும் இருக்கும், சேர்க்காமலும் இருக்கும். ஒரே நூலை நாலு விதமாகத் தேடினால் ஐந்தாவது நூலும் சேர்ந்து கிடைக்கும் என்பது இதில் ஒரு லாபம். ஸ்கேன் கோப்புகள் நூறு எம்பியைத் தாண்டுவது சாதாரணம், வைஃபையில் இறக்குங்கள்.

சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் முழுக்க இருக்கிறது. 'கிடைக்கவில்லை' என்று திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் வினைச்சொல்லை அப்படியே போட்டவர்கள். 'நடந்தான்' என்று போட்டால் வராது, 'நட' என்று போட வேண்டும். அதே தளத்தில் முழு உரையிலும் தேடும் வசதி உண்டு. மீனுக்கான ஆங்கிலச் சொல்லை அதில் போட்டுப் பாருங்கள். அடுப்படியிலும் காசிமேட்டிலும் புழங்கும் மீன் பெயர்களோடு, நாம் காதால் கேட்டேயிராத மீன்களும் வரிசையாக வரும். தாத்தாவுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம் இருக்கிறது. பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், விளம்பரம் என்று தேடுகிறவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டு, வேண்டியதைக் குறித்துக்கொண்டு நேரிலேயே போகலாம்.

மொட்டை மாடிக்கு

ஹெவன்ஸ் அபவ். சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் மாடிக்கு மேல் எப்போது போகும் என்று சொல்லும் தளம். அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும்தான் தெரியும்; நாம் இருட்டில் இருக்க வேண்டும், அதன் மேல் வெயில் பட வேண்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை இடத்தை மாற்றுவது. மாற்றாவிட்டால் தளம் பூஜ்ஜியம் அட்சரேகை, பூஜ்ஜியம் தீர்க்கரேகைக்குக் கணக்குப் போடும். அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடல் நடுவே இருக்கும் இடம். சென்னைக்கு 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. நேரமண்டலம் ஐந்தரை என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு வரும் அட்டவணையில் முதல் எண் பிரகாசம், குறைய குறைய வெளிச்சம் அதிகம். மைனஸ் 3 என்றால் யார் கண்ணுக்கும் தப்பாது. அடுத்து நேரம், அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம், எந்தத் திசை என்று மூன்று தொகுதியாக இருக்கும்: தொடக்கம், உச்சம், முடிவு. உச்ச உயரம் 30 டிகிரிக்குக் கீழே என்றால் அடுத்த அடுக்குமாடி மறைத்துவிடும், அந்த நாளை விட்டுவிடலாம். டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானம். நிலையம் சீரான வெளிச்சத்தோடு நகர்ந்து, சில நாள் நடுவானிலேயே சட்டென்று அணைந்துபோகும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று பொருள்.

ஸ்டெல்லேரியம் தளம் முழு வானத்தையும் திரையில் காட்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் வெறும் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதனால் வடக்கே தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று ஆகிவிடும். தெற்கைப் பாருங்கள். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் அகத்திய நட்சத்திரம் தென்வானில் 24 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

பகல் வேலையும் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாட்களில் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழல் பக்கவாட்டில் விழாது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினால் ஏமாற்றம்தான். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. அதோடு ஆண்டு முழுக்கச் சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் சில நிமிஷம் முன்பின்னாக நகரும். ஆக ஏப்ரலில் சுமார் 12:07, ஆகஸ்டில் சுமார் 12:13. டைம் அண்ட் டேட் தளத்தில் சென்னையைப் போட்டால் அந்தந்த நாளின் உச்சிவேளை நிமிஷக் கணக்கில் வரும். கம்பியை நட்டுவிட்டு, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கம்பி ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் நிழல் எட்டிப் பார்க்கும். ஆகஸ்டில் மேகம் கெடுக்கும் வாய்ப்பு அதிகம், ஏப்ரலையே நம்புங்கள்.

எண்களுக்கு

ஓஇஐஎஸ் என்று ஒரு தளம். எண் வரிசைகளின் கலைக்களஞ்சியம். நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964-இல் மாணவராக இருந்தபோது சேர்க்கத் தொடங்கியது, 1996-இல் இணையத்துக்கு வந்தது. பெட்டியில் சில எண்களைக் கால்புள்ளி போட்டு எழுதினால், அவை எந்தெந்த வரிசையில் வருகின்றன என்று சொல்லும்.

2, 3, 5, 7, 11 என்று போடுங்கள். பகா எண்கள் என்று முதலில் சொல்லும், ஆனால் அதற்குக் கீழே ஏகப்பட்ட விடைகள் நிற்கும். இப்போது கடைசியில் 15, 22 என்று இரண்டு எண்களைச் சேருங்கள். பகா எண்கள் காணாமல் போய்விடும். வருவது பிரிவினை எண்கள்: ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கணக்கு. நாலை எடுத்துக்கொண்டால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். ஐந்துக்கு ஏழு விதம். பிள்ளையையே ஆறுக்கு எழுதச் சொல்லுங்கள், பதினொன்று வர வேண்டும். மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் ஆழமாகத் தோண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. ஐந்து எண்களை மட்டும் பார்த்து 'அடுத்தது 13' என்று அடித்துச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதும் இதில் புரிந்துவிடும். வேலைக்கான தேர்வுகளில் வரும் 'அடுத்த எண் என்ன' கேள்விகளை எழுதுகிறவர்கள் இந்தத் தளத்தை ஒருமுறை பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

வரிசையைக் காதால் கேட்கும் வசதியும் அங்கே உண்டு. ஏ005132 என்ற எண்ணைத் தேடி, 'லிசன்' என்பதைத் தட்டுங்கள். ரெக்கமான் வரிசை. முன்னே போய்ப் பின்னே வந்து ஒரு மாதிரி திகில் படப் பின்னணி போல இருக்கும்.

மற்றவை சுருக்கமாக

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட்: நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய அறிவியல் விளையாட்டுகள், தமிழிலும் பல இருக்கின்றன. மின்சுற்று விளையாட்டில் பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் தீப்பிடிக்கும். வீட்டு பிளக்கில் செய்து பார்க்க ஆசைப்படும் வயதுக்கு இது உத்தமம். கைவேலை பிடிக்கும் பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் தளம். பழைய பேப்பர், ஸ்ட்ரா, சைக்கிள் டியூப் இவற்றை வைத்துச் செய்யும் பொம்மைகள், தமிழிலும் காணொளிகளும் நூல்களும் உண்டு.

சின்னக் குழந்தைக்குக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். ஒன்று முதல் நாலு வரை படிநிலை போட்டிருப்பார்கள், வயதைப் பார்க்காமல் எந்த அளவு வாசிக்கிறது என்பதைப் பார்த்து எடுங்கள். கதைகள் திறந்த உரிமத்தில் உள்ளவை, பெயர் குறிப்பிட்டு அச்செடுத்து வகுப்பில் கொடுத்தாலும் தவறில்லை. மொழிபெயர்ப்பு ஒரே தரத்தில் இருக்காது, முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பறவைக்கு ஈபேர்ட். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைத் தேடி, மாதவாரிப் பட்டைப் படத்தைத் திறந்தால் எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று தெரியும். பட்டை தடிமனாக இருந்தால் போகிறவர்களில் நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று பொருள், பறவைகளின் எண்ணிக்கை அதிகம் என்று அல்ல. இதைப் புரியாமல் பூநாரை கூட்டம் கூட்டமாக நிற்கும் என்று போய்ப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

பாட்டுக் கற்றுக்கொள்கிற வீட்டில் குரோம் மியூசிக் லேப் தளத்தில், ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து, மைக்கைத் தட்டிவிட்டு, தம்புராவை மீட்டுங்கள். ஒரு தந்திக்கு ஒரு கோடு வரும் என்று நினைப்போம். வருவதோ அடுக்கடுக்காக ஏணிப்படி மாதிரி. ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி முழுக்க அதன் சத்தம்தான் பதியும்.

ரேடியோ கார்டன் உலக உருண்டையில் பச்சைப் புள்ளிகளாக வானொலி நிலையங்களைக் காட்டும். சிங்கப்பூரின் ஒலி, மலேசியாவின் மின்னல், யாழ்ப்பாணம் என்று தமிழையே நாலு ஊர் உச்சரிப்பில் கேட்கலாம். சும்மா பொழுது போக வேண்டுமென்றால் நீல் டாட் ஃபன் தளத்தில் ஆழ்கடல் பக்கம். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான், தரை பத்தாயிரம் மீட்டரையும் தாண்டி இருக்கிறது.

காணாமல் போன பக்கங்களுக்கு வேபேக் மெஷின், அதே ஆர்க்கைவ் தளத்துடையது. பழைய முகவரியை ஒட்டினால் நாட்காட்டி வரும், வட்டமிட்ட தேதிகளில் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அரசுத் தளங்கள் முகவரியை அடிக்கடி மாற்றும் என்பதால், முக்கியமான அறிவிப்பை அங்கே 'சேவ் பேஜ் நவ்' கொடுத்து நீங்களே சேமித்து வைப்பது நல்லது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, வேலையில் இருப்பவர்களுக்கும்தான், ஐஐடி-கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல். பாடங்கள் முழுக்க இலவசம், சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும். தேர்வில் அள்ளிவிடலாம் என்று பயிற்சிகளை விட்டவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு செய்யும் கடைசித் தேதியும் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.